நல்ல முடிவுக்குப் பதினோரு நாள்

என் தொழிலில் வாசல் ஏறி வருகிறவர்கள் எல்லாரும் அடுத்தவரை விசாரிக்கச் சொல்லித்தான் வருவார்கள். தன்னையே விசாரிக்கச் சொல்லி வந்தவர் இளம்பரிதி ஒருவர்தான்.

காலை பத்தரை மணி இருக்கும். திருச்சி தில்லைநகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். ‘தெளிவு: திருமணத்துக்கு முந்தைய விசாரணை’ என்று சின்னதாக ஒரு பலகை. பெரிதாக வைத்தால் ஒருவரும் ஏறி வர மாட்டார்கள். பல் வலிக்கு வந்த மாதிரி வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாடி ஏறுவதுதான் இங்கே வழக்கம். இவர் அப்படி ஒளிந்து வரவில்லை. நேராக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வயது, முசிறியில் கால்நடை மருத்துவர்.

“என்னைப் பத்தி விசாரிக்கணும் மேடம். என்கிட்ட என்ன குறைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்” என்றார்.

நான் பதினெட்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவள். பெயர் செண்பகவல்லி. ஒருவன் இப்படி வந்து உட்கார்ந்தால், எதை மறைக்க வந்திருக்கிறான் என்றுதான் என் புத்தி போகும். முகத்தை உற்றுப் பார்த்தேன். தூக்கம் கெட்ட முகம். திருட்டு முகம் இல்லை.

கரூரில் ஒரு பெண்ணைப் பேசி, பூ வைத்து, பத்திரிகை மாதிரிகூடப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒருநாள் ‘வேண்டாம்’ என்று ஒரே வரியில் செய்தி வந்ததாம். காரணம் கேட்டால் பதில் இல்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களும் கரூரில் விசாரித்துவிட்டுக் காணாமல் போய்விட்டன. கரூர்க்காரர்கள் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டார்கள். நம் ஊரில் அது போதும். அவருடைய அப்பா இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதில்லை என்றார்.

“குடிக்கிறேன்னு யாராவது சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை மேடம். குடிச்சுப் பார்த்து நிறுத்தித் தொலைச்சிடுவேன். என்னன்னே தெரியாம எதைத் திருத்துறது?”

சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போனது. முசிறி, மாட்டு டாக்டர், கரூர் பெண். ஐந்து மாதம் முன்னால் இவரைப் பற்றிய அறிக்கையை எழுதியதே நான்தான். ‘எந்தக் குறையும் இல்லை’ என்று எழுதி முடித்திருந்தேன். எட்டு வருஷத் தொழிலில் அவ்வளவு சுத்தமான முடிவு நான் எழுதியது இரண்டோ மூன்றோதான். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். தேடினேன், முதலில் நீங்கள்தான் வந்தீர்கள் என்றார்.

அந்த முதல் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொழிலுக்கு ஒரு சாபக்கேடு உண்டு. நாங்கள் ‘பையன் தங்கம்’ என்று சொல்லி, கல்யாணம் நடந்து, குடும்பம் சந்தோஷமாக இருந்தால், அந்தக் குடும்பம் எங்களை ஜென்மத்துக்கும் பாராட்டாது. சம்பந்தி வீட்டை வேவு பார்த்தோம் என்று எவர் இணையத்தில் எழுதி வைப்பார்? அதனால் எங்கள் வலைத்தளம் தேடலில் நான்காம் பக்கத்தில் கிடந்தது. நான்காம் பக்கம் வரை போகிறவன், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவனாக இருக்க மாட்டான், வேலைவெட்டி இல்லாதவனாக இருப்பான்.

தேடல் நிறுவனங்களும் அதற்குள் தங்கள் விதியை மாற்றிவிட்டிருந்தன. இயந்திரம் எழுதிய பக்கங்கள் மலையாகக் குவிந்ததில் எது நல்லது என்று அவற்றுக்கே தெரியாமல் போயிற்று. அதனால், எந்தப் பக்கத்தில் மனிதர் உண்மையாகவே ஒன்றி நிற்கிறார் என்று அளக்க ஆரம்பித்தன. கண் எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தனை தடவை திரும்பி வருகிறார், இன்ஷூரன்ஸ்காரர்கள் எல்லார் கையிலும் கட்டிவிட்டிருக்கிற பட்டையில் நாடி எப்படி ஓடுகிறது என்றெல்லாம் சேர்த்து ஒரு புள்ளி. புள்ளி கூடினால் பக்கம் மேலே வரும்.

புள்ளியைக் கூட்டித் தருகிறேன் என்று வந்தவர் யுகேந்திரன். சின்னக் கடைகளின் வலைத்தளங்களை மேலே கொண்டுவருவது அவர் தொழில். ‘ஏணி’ என்று ஒரு மென்பொருளை எங்கள் தளத்தில் பொருத்தினார். அது எதையெல்லாம் தொடலாம் என்று ஒரு பட்டியலை நீட்டியது. எஃப்.ஐ.ஆரை இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவள் நான். இந்தப் பட்டியலில் மட்டும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். ‘பக்கங்களை வெளியிடும் நேரத்தை ஏணி முடிவு செய்யட்டும்’ என்பதும் அதில் ஒன்று. தளத்தில் அது தொகுத்துப் போடுகிற கட்டுரைகளைச் சொல்கிறது என்று நினைத்தேன்.

ஏழே வாரத்தில் முதல் இடம். எனக்குப் பொறுக்கவில்லை. யுகேந்திரனைக் கூப்பிட்டு, ஆள் வைத்துப் பொய்ப் பாராட்டு எழுதுகிறீர்களா என்று கேட்டேன். தளத்தில் ஒரு பொய்கூட இல்லை, வேண்டுமானால் வரிவரியாகச் சோதித்துப் பாருங்கள் என்றார். சோதித்தேன். ஒரு பொய்கூட இல்லைதான்.

இளம்பரிதி போனதும் அவருடைய பழைய அறிக்கையைத் திறந்தேன். நான் எழுதி முடித்தது நான்காம் தேதி. பெண் வீட்டாருக்கு அது திறந்தது பதினைந்தாம் தேதி. அவர்கள் வேண்டாம் என்று சொன்னது பதிமூன்றாம் தேதி.

இங்கே என் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். முடிவை நான் போனில் சொல்வதில்லை, தாளில் கொடுப்பதும் இல்லை. கல்யாண வீட்டில் போன் பேசினால் பத்துப் பேர் காதில் விழும். தாள் யாராவது அத்தை கையில் சிக்கும். விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் அவமானம். அதனால் தளத்தில் கடவுச்சொல் போட்ட தனிப் பக்கம். முடிவு அதில் வரும், எங்களை அழைக்காதீர்கள் என்பது என் கண்டிப்பான விதி. அந்த விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதாவது அந்தப் பதினோரு நாளும் அவர்கள் என்னைக் கேட்டிருக்கவே முடியாது. அவர்கள் வாயை நானே மூடி வைத்திருந்தேன்.

அறிக்கையை ஏற்றுவது அந்தோணி ராயப்பன் வேலை. எட்டு வருஷமாக என்னோடு இருக்கிறவர். கேஸ் அடுப்பு சரிபார்க்க வந்தவர் போலவும் வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர் போலவும் தெருத்தெருவாக நின்று விசாரிப்பவர். சொந்த ஊர் முசிறிக்குப் பக்கம். எனக்கு அது போதுமாக இருந்தது. வேறு ஏதோ பெண் வீட்டார் இந்த மாப்பிள்ளையைக் கொத்திக்கொள்ள நினைத்து, அந்தோணியைப் பிடித்துத் தாமதப்படுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு முழு வழக்கையே மனதுக்குள் ஜோடித்துவிட்டேன். மத்தியானம் அவர் வந்ததும், யாரிடம் என்ன வாங்கினீர்கள் என்று நேராகக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அன்றைக்கே ஏற்றினேன் என்று மட்டும் சொன்னார். நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். அடையாள அட்டைகளை எல்லாம், அந்த கேஸ் கம்பெனி அட்டை உட்பட, மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த இரண்டு நாள் பழைய அறிக்கைகளைத் தோண்டினேன். அவருடைய திருட்டுத்தனம் இன்னும் எத்தனை என்று பார்க்கத்தான். ஏணி வந்த பிறகு, சில்லறைக் குறைகள் இருந்தாலும் ‘பேசி முடிக்கலாம்’ என்று எழுதிய நல்ல முடிவு முப்பத்தொன்று. அத்தனையும் எட்டு நாள், பத்து நாள், பன்னிரண்டு நாள் தாமதம். கெட்ட முடிவுகள் எல்லாம் எழுதிய அன்றைக்கே திறந்திருந்தன. அந்தோணி வேளாங்கண்ணிக்குப் போய் இரண்டு வாரம் ஊரில் இல்லாதபோது நானே ஏற்றிய அறிக்கைகளும் அப்படியே இருந்தன. அவரும் இல்லை, நானும் இல்லை. வேறொன்று பிடித்து வைத்திருக்கிறது. யுகேந்திரனை வரச் சொன்னேன்.

யுகேந்திரன் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“நல்ல முடிவைப் படிச்சவங்க என்ன செய்யறாங்க மேடம்? நிம்மதியாப் பக்கத்தை மூடிடுறாங்க. திரும்ப வர்றதே இல்ல. கெட்ட முடிவுன்னா பத்துத் தடவை திரும்ப வந்து படிக்கிறாங்க. நிம்மதிக்குப் புள்ளி கிடையாது” என்றார்.

“அதனால?”

“முடிவு வராம இருந்தா ஒரு நாளைக்கு நாற்பது தடவை வந்து பார்க்கிறாங்க. அப்பா பார்க்கிறார், அம்மா பார்க்கிறாங்க, பொண்ணு தனியாப் பார்க்குது. நாடி எகிறுது. காத்திருக்கிற நேரத்துல நம்ம கட்டுரையெல்லாம் படிக்கிறாங்க. ஏணி அதைக் கவனிச்சிருக்கு. எத்தனை நாள் பிடிச்சு வெச்சா ஆள் விட்டுட்டுப் போகாம இருப்பாங்கன்னு கணக்குப் போட்டுத் திறந்திருக்கு.”

“இது ஏமாத்து இல்லையா?”

“ஒரு பொய்கூடச் சொல்லலையே மேடம். மேலே கொண்டு வான்னு சொன்னோம். கொண்டு வந்துச்சு.”

அவர் குரலில் லேசான பெருமைகூட இருந்ததாக எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவது என் குணமாகவும் இருக்கலாம். அங்கேயே உட்கார வைத்து ஏணியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினால் மறுபடி நான்காம் பக்கம்தான் என்றார். போகட்டும் என்றேன்.

அந்தோணிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “நீங்க சந்தேகப்பட்டது தப்பில்ல மேடம். அது நம்ம தொழில். ஆனா ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தனையும் பத்து இடத்துல விசாரிச்சுட்டுத்தானே எழுதுவீங்க. என்னை ஒரு இடத்துலகூட விசாரிக்கல” என்றார். திரும்பி வரவில்லை.

இளம்பரிதியின் கல்யாணத்தையாவது மீட்டுவிடலாம் என்று கரூருக்குப் பஸ் ஏறினேன். பெண்ணின் அப்பா சென்னியப்பன், பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். என்னை வீட்டுக்குள் உட்கார வைத்து, மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டார். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பதினோரு நாளில் அவர் மனைவி தூங்கவே இல்லையாம். எங்கள் தளத்தில் ‘மாப்பிள்ளை மறைக்கும் ஏழு விஷயங்கள்’ என்று ஒரு கட்டுரை. என் பழைய வழக்குக் குறிப்புகளிலிருந்து ஏணி தொகுத்தது. அதில் ஒரு வரி, ‘குறிப்பிட்ட நேரத்தில் போனை அணைத்து வைப்பது’. இளம்பரிதியின் போன் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் அணைந்திருக்குமாம்.

“அந்தப் பையனுக்கு ஒரு குறையும் இல்லைங்க. நானே பொறுப்பு” என்றேன்.

“நல்ல பையனா இருந்தா நீங்க அன்னைக்கே சொல்லியிருப்பீங்களேங்க” என்றார் சென்னியப்பன். “பதினோரு நாள் கழிச்சு வருது நல்ல ரிப்போர்ட். அஞ்சு மாசம் கழிச்சு நீங்களே நேர்ல வந்து நல்லவன்ங்கிறீங்க. மிஷின் பிடிச்சு வெச்சுதுங்கிறீங்க. நான் பட்டறைக்காரனுங்க, நாலும் பார்த்தவன். அந்த டாக்டர் உங்களை வந்து பார்த்தாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

பார்த்தார் என்பது உண்மை. ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, பெண்ணுக்கு நாமக்கல்லில் வேறு இடம் முடிவாகிவிட்டது என்றார்.

செருப்பை மாட்டும்போது அந்தப் பெண் வெளியே வந்தாள். கவிநிலா என்று பெயர். போன் ஏன் அணைந்திருக்கும் என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள். ஞாயிறுகளில் கொல்லிமலைப் பக்கம் மாடுகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கப் போகிறார், அங்கே சிக்னல் கிடையாது, அந்தோணி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார் என்றேன்.

“அவரும் அதைத்தான் சொன்னார்” என்றாள். “நான்தான் கட்டுரையை நம்பிட்டேன்.”

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. முப்பத்தொரு வீட்டில் எத்தனை வீட்டில் இப்படி ஆயிற்றோ என்று, என் விதியை நானே உடைத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். இன்னும் இரண்டு கல்யாணங்கள் நின்றிருந்தன.

வாரக் கடைசியில் இளம்பரிதி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்லையா மேடம்?” என்று மூன்று தடவை கேட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றார்.

தளத்தில் என் தவறைப் பகிரங்கமாக எழுதப்போகிறேன் என்றேன். பெயர் போடாமல்தான் எழுதுவதாக இருந்தேன். அவர்தான் போடச் சொன்னார்.

“என் பேரைப் போட்டே எழுதுங்க மேடம். பேர் இல்லாம நல்லவன்னு எழுதினா யாருக்குப் பிரயோஜனம்? எங்க ஊரே படிக்கட்டும்.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ‘முசிறி கால்நடை மருத்துவர் இளம்பரிதி மீது எந்தக் குறையும் இல்லை, குறை எங்களுடையது’ என்று தலைப்பு. கீழே, நல்ல முடிவுகளை எங்கள் தளம் எப்படிப் பிடித்து வைத்தது, அவருடைய திருமணம் எப்படி நின்றது, நான் எந்தக் கட்டத்தில் டிக் போட்டேன் என்பது வரை எழுதினேன். ஏணி இல்லாத, நான்காம் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற தளத்தில் அதை யார் படிக்கப்போகிறார்கள் என்ற கவலைதான் எனக்கு இருந்தது.

படித்தார்கள். எட்டு வருஷத்தில் எங்களிடம் வந்த அத்தனை குடும்பமும் வந்து படித்தது. நம் அறிக்கையையும் பிடித்து வைத்திருந்தார்களோ, நம் அறிக்கையையும் மாற்றியிருப்பார்களோ என்று பயந்துகொண்டே படித்தார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் பக்கத்தில் படுத்திருக்கும் கணவருக்குத் தெரியாமல் படித்தார்கள். மற்ற ஊர்களில் வேறு ஏஜென்சிகளிடம் போனவர்களும் வந்தார்கள். நாடி, கண், திரும்பி வருவது எல்லாம் சேர்ந்து புள்ளி எங்கோ போய்விட்டது. ஐந்தாம் நாள் யுகேந்திரன் போன் செய்து, நாம் மறுபடி முதல் இடம், ஏணி இருந்தால்கூட இவ்வளவு செய்திருக்காது என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை.

இளம்பரிதி என்று தேடிப் பார்த்தேன். அவருடைய ஆஸ்பத்திரிக்கும் படித்த கல்லூரிக்கும் மேலே நாங்கள் நின்றோம். தேடலில் தலைப்பு முழுதாக வருவதில்லை. ‘தெளிவு விசாரணை நிலையம்: முசிறி கால்நடை மருத்துவர் இளம்பரிதி மீது…’ என்பதோடு வரி நின்றுவிடுகிறது. தலைப்பை மாற்றினேன். அதற்குள் அந்த வரியை நூறு இடத்தில் நகலெடுத்துப் போட்டுவிட்டார்கள். பக்கத்தையே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால், ஏன் எடுத்தார்கள் என்று அதற்கு ஒரு தேடல் ஆரம்பிக்கும்.

போன புதன்கிழமை துறையூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன்கூட வாங்கி வைத்துக்கொண்டு மாடி ஏறியிருந்தார்கள். பெண் பி.எட். முடித்திருக்கிறாளாம். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். இளம்பரிதி.

“பையன் பேரைத் தேடினோம். உங்க பக்கம்தான் முதல்ல வந்துச்சு. உள்ளே போய்ப் படிக்க மனசு வரல. எதுக்கு அரைகுறையாப் படிக்கணும், நேரா உங்ககிட்டயே குடுத்து விசாரிச்சுடலாம்னு வந்தோம்” என்றார் கணவர்.

“விசாரிக்கவே வேண்டாம்” என்றேன். பதற்றத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். “தங்கமான பையன். நான் விசாரிச்சாச்சு. ஒரு குறையும் கிடையாது. இன்னைக்கே போய்ப் பேசி முடிங்க. எனக்கு நீங்க எதுவும் தர வேண்டாம்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக நான் பார்க்கிற பார்வை அது.

“பையனை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசித்த அந்த ஒரு நிமிஷத்தில் அவர் போட்டோவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். “தேடினப்ப ரெண்டாவதா ஒரு ஏஜென்சி வந்துச்சுல்ல, அங்கே குடுத்து விசாரிச்சுக்கலாம்” என்று கணவரிடம் சொன்னபடி எழுந்தார்.

நான் விடவில்லை. பின்னாலேயே படியிறங்கி, பல் ஆஸ்பத்திரி வரிசையைத் தாண்டி, தெருவுக்கே போனேன். நல்ல பையன் அம்மா, என்னை நம்புங்கள் என்று ஐம்பத்தொரு வயதில் நடுத்தெருவில் கத்தினேன். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கிட்டே போகப் போக, அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.